இன்னாசி பட்டறையில் ஒரு வாஷர்

அந்தத் தட்டுல மட்டும் கை வைக்காதீங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க, நீங்க எடுத்துட்டுப் போயிருவீங்கன்னு சொல்லலை. பாக்கத்தான் குனிஞ்சீங்க, தெரியுது. இருந்தாலும் வேண்டாம். அதுல கெடக்கறதெல்லாம் கழட்டின வரிசையில கெடக்குது. இப்படி வந்து பெஞ்சுல உக்காருங்க. லேத்துப் பட்டறைக்குப் போயிருக்காரு இன்னாசி. வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும்.

இன்ஜின் பிரிச்சுக் கெடக்குதே, அது உங்க வண்டிதானுங்களா? எந்த ஊருங்க? யாரு சொல்லி இங்க வந்தீங்க? சும்மாதான் கேக்கறேன்.

நான் கடை ஆளு இல்லீங்க. எம் பேரு அர்த்தநாரி. மாட்டுக்குச் சினை ஊசி போடறவன். கபிலர்மலையில இருந்து ஜேடர்பாளையம் வரைக்கும் எந்தத் தொழுவத்துல போய்க் கேட்டாலும் சொல்லுவாங்க. இன்னாசி வெளிய போறப்ப நான் சும்மா இருந்தா இங்க வந்து உக்காந்துக்குவேன். யாரும் உக்காரச் சொல்லலை. நானா உக்காந்துக்கறது.

காலையில இருந்து நீங்க அவர் கையையே பாத்துக்கிட்டு இருந்தீங்களாமா? போறப்ப சொன்னாருங்க. கோவமாச் சொல்லலை. "அண்ணே, உங்களை மாதிரியே ஒருத்தர் வந்திருக்காரு"ன்னாரு. அதான் உங்ககிட்ட ஒரு விசயத்தைச் சொல்லலாம்னு தோணுச்சு. எப்படியும் அவர் வர்ற வரைக்கும் உங்களுக்கும் வேலை இல்லை.

நான் சந்தேகப்படற ஆளு இல்லீங்க. கவனமான ஆளு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குதில்லீங்களா? பெட்ரோல் போடறப்ப மீட்டர்ல சைபர் இருக்குதான்னு பாப்பேன். அப்பறம் பைப்பைப் பாப்பேன். அப்பறம் போடற ஆளோட மூஞ்சியைப் பாப்பேன். அவ்வளவுதான். என் கல்யாணத்தன்னைக்கு, பொண்ணு பாக்கப் போனப்பக் காட்டின பொண்ணுதான் மணவறையில உக்காந்திருக்குதான்னு ஒருக்கா குனிஞ்சு பாத்தனுங்க. எங்கூட்டம்மா ராசாமணி இன்னைக்கு வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவா. பாத்ததுல என்ன தப்பு? அவதான் உக்காந்திருந்தா. சரியாப் போச்சு.

போன வருசம் ஐப்பசியிலதானுங்க எல்லாம் ஆரம்பிச்சது. என் வண்டி பதினாலு வருசத்து வண்டி. பின்னாடி நைட்ரஜன் கேனைக் கட்டிக்கிட்டு ஒரு நாளைக்கு அறுபது எழுவது கிலோமீட்டர் ஓடும். சினை ஊசி அந்தக் கேனுக்குள்ளதான் இருக்கும். மாடு பருவத்துக்கு வந்து கத்த ஆரம்பிச்சா நமக்குக் கெடைக்கறது அரை நாள்தானுங்க. அதுக்குள்ள போயி ஊசி போட்டாத்தான் சினை நிக்கும். விட்டா இருபத்தோரு நாள் காத்திருக்கணும். அதனால வண்டிதான் எனக்குக் கையும் காலும்.

அந்த வண்டி ஒருநாள் மேட்டுல நின்னு போச்சு. எப்படின்னா, இன்ஜின் ஓடுது, முறுக்குனா கத்துது, கியர் விழுகுது, சக்கரம் மட்டும் சுத்த மாட்டேங்குது. கட்டுத்தறியில கட்டின மாடு மாதிரி நின்ன எடத்துலயே நின்னு கத்துது.

மூணு மெக்கானிக்கைப் பாத்தேன். முதல் ஆளு கிளட்ச்சுன்னான். மாத்தினேன். ரெண்டு நாள்ல பழையபடி ஆச்சு. ரெண்டாவது ஆளு, செயின் ஓடற முன்பக்கச் சின்னப் பல்சக்கரம் போயிருச்சுன்னான். கடையில கொள்ளை வெலை சொல்லுவான்னு நானே சந்தையில ஒரு பல்சக்கரம் பாத்து வாங்கிக் குடுத்தேன். அது சரியா உக்காரலைன்னான். உக்காரும், நீ மாட்டுன்னேன். மூணாவது ஆளு அதை அப்படியே வெல்டிங் வச்சு ஒட்டி விட்டான். ஒரு வாரம் ஓடிச்சு. அப்பறம் வெல்டிங்கும் பிஞ்சு போச்சு. மூணு பேரும் சேந்து பேசி வச்சுக்கிட்டுப் பண்றாங்கன்னு நெனைச்சேன். மூணு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. இருந்தாலும் நெனைச்சேன்.

அப்பறம்தான் இன்னாசிகிட்ட வந்தது. இவரு இந்தப் பக்கத்து ஆளு இல்லீங்க. திண்டுக்கல் பக்கம். ஆறு வருசத்துக்கு முன்னால குடும்பத்தோட வந்து இங்க கடை போட்டவரு. சொந்த ஊர்ல நல்லாப் பொழைச்ச மனுசன் எதுக்கு ஊரை விட்டு வரணும்? அங்க என்ன பண்ணிப்போட்டு வந்தாரோன்னு எனக்கு ஒரு கணக்கு. அவரோட சம்சாரம் ஆரோக்கியம் பொறந்த ஊரு பரமத்தி, அதனால வந்தாங்க. அது அப்பறம் தெரிஞ்சது.

இன்னாசி வண்டியைக் கிளப்பக்கூட இல்லை. குத்த வச்சு உக்காந்து, பக்கத்து மூடியைக் கழட்டி, அந்தச் சின்னப் பல்சக்கரத்தை ரெண்டு விரல்ல புடிச்சு ஆட்டினாரு. கொழந்தைப் பல்லு ஆடற மாதிரி ஆடுச்சு.

"அண்ணே, சக்கரத்து மேல தப்பு இல்லண்ணே. இது உக்கார்ற சாஃப்ட்டு தேஞ்சிருச்சு."

இன்ஜினுக்குள்ள இருந்து ஒரு இரும்புத் தண்டு வெளிய நீட்டிக்கிட்டு இருக்குதில்லீங்களா, அதுதான் சாஃப்ட்டு. அது மேல வரி வரியாப் பல்லு வெட்டியிருக்கும். அந்தப் பல்லு தேஞ்சு மொழுக்குன்னு ஆயிருச்சு. அதான் தண்டு சுத்தறப்ப சக்கரம் சுத்தலை.

"வேற சக்கரம் எதாச்சும் போட்டீங்களாண்ணே? அளவு சேராத சக்கரம் போட்டா அது சாஃப்ட்டைத் தின்னுரும்"னாரு.

"இல்லையே"ன்னேன்.

"சரிண்ணே. இன்ஜினை எறக்கி, ரெண்டாப் பிரிச்சாத்தான் மாத்த முடியும். ரெண்டு நாள் ஆகும்."

இன்ஜினைப் பிரிக்கணும்னு ஒருத்தர் சொன்னா நமக்கு எப்படி இருக்கும்? உங்களுக்குத் தெரியும், நீங்களும் அப்படித்தான் உக்காந்திருக்கீங்க. பிரிச்சதுக்கு அப்பறம் உள்ள என்ன இருந்துச்சு, என்ன போட்டாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்? கம்பெனிச் சாமானைக் கழட்டி வச்சுக்கிட்டு எதையாவது போட்டு மூடிட்டா? எனக்கு வேற வழியில்லை. ஆனா நான் ஏமாற மாட்டேன்னு முடிவு பண்ணிக்கிட்டேன்.

மக வாங்கி வச்சிருந்த நெயில் பாலிஷை எடுத்துட்டு வந்துட்டனுங்க. செவப்பு. ஒவ்வொரு சாமானையும் அவர் கழட்டக் கழட்ட, நான் அது மேல ஒரு புள்ளி வச்சேன். இன்னாசி ஒருக்கா நிமிந்து பாத்தாரு.

"நல்லதுண்ணே. அடையாளம் இருந்தா எனக்கும் வசதிதான்"னாரு.

கோவமே வரலை பாருங்க. தப்புப் பண்ணாதவனா இருந்தா கோவம் வரணுமில்ல? எனக்கு அங்கதான் சந்தேகம் கெட்டியாச்சு.

சாஃப்ட்டை வெளிய எடுத்துத் தொடைச்சு என் கையில குடுத்தாரு. பல்லு எல்லாம் கத்தி மாதிரி கூராத் தேஞ்சு கெடந்துச்சு. "இதுல எப்படிண்ணே ஒரு வாரம் ஓட்டினீங்க?"ன்னாரு. எனக்கு மனசுல என்ன ஓடுச்சு தெரியுங்களா? இதை எடுக்கறதுக்கு முன்னால நான் ஒரு தும்மல் தும்மினேன். அந்தத் தும்மல்ல வேற எவனோடதோ தேஞ்ச சாஃப்ட்டை மாத்திக் குடுத்திருக்கலாமில்ல? ஒரு தும்மல்ல எவ்வளவு நேரம் கண்ணு மூடியிருக்கும்னு வீட்டுக்குப் போயி ராசாமணியைத் தும்மச் சொல்லிப் பாத்தேன். அவ மொறைச்சுட்டுப் போயிட்டா.

ரெண்டாம் நாள் காலையில புது சாஃப்ட்டு வாங்க நாமக்கல் கிளம்பினாரு இன்னாசி. கடையைப் பூட்டுவாருன்னு பாத்தேன். பூட்டலை. "அண்ணே, நீங்க இருக்கீங்கல்ல, பாத்துக்குங்க"ன்னு சொல்லிட்டு அவரோட வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாரு.

என்னைத் தனியா விட்டுட்டுப் போறாரே, இதுல என்ன சூதுன்னு யோசிச்சேன். அப்பறம், கெடைச்ச நேரத்தை விடக் கூடாதுன்னு எந்திரிச்சேன். பெட்டியைத் தொறந்து பாத்தேன். மேசை இழுப்பறை, சாக்கு, பெயிண்டு டப்பா, எல்லாத்தையும் பாத்தேன். என் வண்டிச் சாமான் எதாச்சும் ஒளிச்சு வச்சிருக்காரான்னு. ஒண்ணும் இல்லை. ஒரு சின்ன மாதா படமும் திருநீத்துப் பொட்டலம் ஒண்ணும் இருந்துச்சு. யாரோ கஸ்டமர் குடுத்ததை வச்சிருப்பாரு போல.

கடைசியா அந்தத் தட்டைப் பாத்தேன். இதே தட்டுதான். கழட்டின பல்சக்கரம், வளையம், கிளிப்பு எல்லாம் வரிசையா இருந்துச்சு. எல்லாத்துலயும் என் செவப்புப் புள்ளி. ஒண்ணே ஒண்ணுல மட்டும் இல்லை. ஒரு மெல்லிசு வாஷருங்க. ஒரு ரூபாக் காசை விடக் கொஞ்சம் பெரிசு, நடுவுல ஓட்டை.

மாட்டினாருடா மனுசன்னு நெனைச்சேன். இதை மாத்தியிருக்காரு. எடுத்துச் சட்டைப் பையில போட்டேன். பரமத்தியில எனக்குத் தெரிஞ்ச ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் இருக்காரு, அவர்கிட்டக் காட்டி, இது டூப்ளிகேட்டுன்னு ஒரு வார்த்தை வாங்கிட்டு வந்து இவர் மூஞ்சிக்கு நேரா நீட்டணும்னு திட்டம்.

அந்த நேரம் பாத்து இருக்கூர்ல இருந்து பழனாத்தாங்கற அம்மாவோட மருமகன் வண்டி எடுத்துக்கிட்டு வந்துட்டாரு. ராத்திரியில இருந்து மாடு கத்துதுன்னு. இன்னாசியும் சாஃப்ட்டோட திரும்பி வந்துட்டாரு. நான் அப்படியே பின்னாடி ஏறிப் போயிட்டேன். வீட்டுக்குப் போயிக் கேனை எடுத்துட்டு, இருக்கூர்ல ஊசியைப் போட்டுட்டு, பொழுதோட பரமத்தி போனேன்.

கடைக்காரர் வாஷரை வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு. நகத்துல சொரண்டிப் பாத்தாரு. "இது கம்பெனி மாலுங்க அர்த்தநாரி. வண்டியோட வந்தது. இன்னும் நல்லாத்தான் இருக்குது, எதுக்கு மாத்தறீங்க?"ன்னாரு.

அப்பத்தான் நெனைப்பு வந்துச்சு. முதல் நாள் சாயங்காலம் ஒரு போன் வந்து நான் நாலு எட்டு வெளிய போயிப் பேசினேன். அந்த நேரத்துல கழட்டினதா இருக்கும், நான் புள்ளி வைக்க விட்டுட்டேன். சரி, நாளைக்குக் காலையில யாரும் பாக்காதப்பத் தட்டுல போட்டுரலாம்னு நெனைச்சுக்கிட்டு வந்து படுத்தேன். இந்தக் கடைக்காரருக்கும் இன்னாசிக்கும் எதாச்சும் பழக்கம் இருக்குமோன்னும் ஒரு பக்கம் ஓடுச்சு. அதை விடுங்க.

காலையில வாஷரைப் பையில எடுத்துட்டு வர்றேன். கடையில பாத்தா, இன்னாசி தரையில படுத்துக்கிட்டு டார்ச் அடிச்சு மேசைக்கு அடியில பாத்துக்கிட்டு இருக்காரு. சட்டையெல்லாம் அழுக்கு. ஆரோக்கியம் விளக்குமாத்தை வச்சு மூலை மூலையாக் கூட்டி, கூட்டின குப்பையை மொறத்துல போட்டுப் பொடைக்கறாங்க.

"ஒரு வாஷர் கொறையுதுண்ணே"ன்னாரு.

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள எந்திரிச்சு உக்காந்து என்னைப் பாத்து, ரொம்ப மெதுவா, "அண்ணே, நேத்து நான் இல்லாதப்ப நீங்க தட்டுல எதாச்சும் எடுத்துப் பாத்தீங்களா?"ன்னாரு.

தப்பா ஒண்ணும் கேக்கலை. எடுத்துப் பாத்தீங்களான்னுதான் கேட்டாரு. ஆமாங்கன்னு சொல்லியிருந்தா அதோட முடிஞ்சது. ஆரோக்கியம் மொறத்தோட நின்னு என்னைப் பாக்குது. வாசல்ல பஞ்சர் ஒட்ட வந்த ஒருத்தர் பாக்கறாரு. எனக்கு எங்க இருந்து அப்படிக் கோவம் வந்துச்சுன்னே தெரியலைங்க.

"என்னையவா சந்தேகப்படறீங்க? இந்த அர்த்தநாரியையவா? பதினெட்டு ஊருக்காரன் ஆளில்லாத வீட்டுத் தொழுவத்துல என்னை நம்பி விட்டுட்டுப் போறான். நேத்து வந்தவரு என்னையக் கேக்கறீங்களா?"

கத்திப்போட்டேன். அவர் மொகம் சுருங்கிப் போச்சு. "மன்னிச்சுக்குங்கண்ணே. நான் கேட்டிருக்கக் கூடாது"ன்னு கையெடுத்துக் கும்புட்டாரு. வாஷரு என் பையில இருக்குது. நெஞ்சு மேல சூடா இருக்கற மாதிரி இருக்குது.

வேற வாஷர் வாங்கிப் போட்டுட்டுப் போலாமேன்னுதான் நானும் சொன்னேன். அப்பத்தான் சொன்னாரு. "வாஷர் கடையில கெடைக்கும்ணே. இது எங்க போச்சுன்னு தெரியணும்ல. தவறி இன்ஜினுக்குள்ள விழுந்து கெடந்துச்சுன்னா, ஓட ஆரம்பிச்சதும் உள்ள இருக்கறதை எல்லாம் ஒடைச்சுப்போடும். கேனைக் கட்டிக்கிட்டு வேகமாப் போவீங்க. நடுரோட்டுல சக்கரம் பூட்டிக்கிச்சுன்னா?"

அன்னைக்கு முழுக்க அந்த இன்ஜினை ஒவ்வொரு சந்தா மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவினாருங்க. காந்தத்தைக் கயித்துல கட்டி உள்ள விட்டுத் தேடினாரு. நான் இந்தப் பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். கழுவிக்கிட்டே, என்கிட்டயா அவர்கிட்டயான்னு தெரியாத மாதிரிப் பேசினாரு.

"இருபத்திரண்டு வருசத்துல ஒரு திருகாணி தொலைச்சதில்லண்ணே. வரிசையா வச்சது கண்ணுல நிக்குது. அது இருந்துச்சு. இப்ப இல்லை. அப்ப இருந்துச்சுன்னு நான் நெனைக்கறதுதான் பொய்யா?" காந்தத்தை வெளிய இழுத்துப் பாத்தாரு. "எங்கப்பாவுக்கும் இந்த வயசுலதாண்ணே ஆரம்பிச்சது. லாரி டிரைவரு. முதல்ல சாவியை எங்க வச்சோம்னு தேடினாரு. மூணு வருசத்துல எங்கம்மா பேரு தெரியலை."

அப்பயாவது சொல்லியிருக்கணும். சொல்லலை. இப்பச் சொன்னா காலையில அந்தக் கத்துக் கத்தினதுக்கு என்ன சொல்றது? எங்கயாச்சும் பெஞ்சுக்கு அடியில போட்டுரலாம்னு கையைப் பையில விட்டேன். அந்த எடத்தை எல்லாம் ஆரோக்கியம் ரெண்டு தடவை கூட்டியாச்சு. அங்க கெடைச்சா நான் போட்டதுன்னு தெரிஞ்சுரும். கையை வெளிய எடுத்துட்டேன்.

மறுநாள் புது வாஷர் வாங்கி, எல்லாத்தையும் பூட்டி, வண்டியைக் குடுத்துட்டாரு. கல்யாண வண்டி மாதிரி ஓடிச்சுங்க. ஒரு சத்தம் இல்லை. ஒரு மாசம் காத்திருந்து பாத்தேன், எங்கயாச்சும் எதாச்சும் கழண்டு விழுகுமான்னு. விழுகலை. வாஷரை சாமி அலமாரியில ஒரு டப்பாவுக்குள்ள போட்டு வச்சேன். ராசாமணி பாத்துட்டு "இது என்னங்க?"ன்னா. "கேனோடது"ன்னேன். அதோட அந்த விசயம் முடிஞ்சு போச்சுன்னு நெனைச்சேன்.

சித்திரையில ஒருநாள் ஒரு பண்ணையத்துல ஊசி போடறப்ப அந்தத் தோட்டக்காரர் சொல்றாரு, வண்டி இன்ஜின் வேலைக்கு நாமக்கல் கொண்டு போகணும்னு. "ஏனுங்க, இன்னாசி இருக்காருல்ல"ன்னேன்.

"அவர் இப்ப இன்ஜின் தொடறதில்லீங்களே. மறதி வந்துருச்சாமா."

எனக்குக் கையுறை போட்ட கை அப்படியே நின்னு போச்சு.

நேரா இங்க வந்தேன். கடை போர்டுல "இன்ஜின் வேலை செய்யப்படும்"னு இருந்த எடத்துல கருப்புப் பெயிண்டு அடிச்சிருந்துச்சு. இன்னாசி பஞ்சர் ஒட்டிக்கிட்டு இருந்தாரு. ஆரோக்கியத்தைத் தனியாக் கூப்புட்டுக் கேட்டேன்.

"உங்க வண்டிக்கு அப்புறம்தாண்ணே இப்படி ஆயிட்டாரு. ஒரு நட்டு முடுக்கினா மூணு தடவை திரும்பி வந்து பாக்கறாரு. வீட்டைப் பூட்டிட்டுப் பாதி தூரம் போயித் திரும்பி வந்து இழுத்துப் பாக்கறாரு. கோயம்புத்தூர்ல தலைக்கு ஸ்கேன் எடுத்தோம். ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் எழுதியே குடுத்துட்டாரு. 'என்னைத் தேத்தறதுக்குச் சொல்றாங்க, நீயும் டாக்டரும் பேசி வச்சிருக்கீங்க'ங்கறாருண்ணே. பொண்டாட்டியவே நம்ப மாட்டேங்கறாரு."

அந்த அம்மா சொல்லச் சொல்ல எனக்கு வேற யாரும் ஞாபகத்துக்கு வரலைங்க. பூட்டை இழுத்துப் பாக்கறது, திரும்பித் திரும்பிப் பாக்கறது, எல்லாரும் பேசி வச்சிருக்காங்கங்கறது. எங்கூட்ல இதெல்லாம் நான் பண்றது.

மறுநாள் டப்பாவோட வந்தேன். அவர் முன்னால உக்காந்து வாஷரை எடுத்து வச்சேன். "இன்னாசி, அன்னைக்கு இதை எடுத்தது நான்தான். நீங்க டூப்ளிகேட்டுப் போட்டுட்டீங்கன்னு நெனைச்சு எடுத்தேன். நீங்க கேட்டப்ப என் சட்டைப் பையில இருந்துச்சு. உங்களுக்கு மறதியும் இல்லை, ஒண்ணும் இல்லை."

சொல்றதுக்கு எனக்கு ஆறு மாசம் ஆச்சு. சொன்னா அடிப்பாரு, காறித் துப்புவாரு, எதுக்கும் தயாராத்தான் வந்தேன். அவர் வாஷரைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. சிரிச்சாரு.

"ஆரோக்கியம் சொல்லச் சொன்னாளாண்ணே?"

"இல்லீங்க, நெசமாலுமே நான்தான்..."

"நேத்து நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் நின்னு பேசினதைப் பாத்தேண்ணே. நீங்க நல்ல மனுசர். அதான் பழியைத் தூக்கி உங்க மேல போட்டுக்கறீங்க. அன்னைக்கு நான் கேட்டப்ப உங்களுக்கு வந்த கோவம் இருக்கே, எடுத்தவருக்கு அப்படிக் கோவம் வராதுண்ணே."

மாரியம்மன் மேல சத்தியம் பண்ணினேன். "சத்தியமெல்லாம் பண்ணாதீங்கண்ணே"ன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. வாஷரைக் காட்டினேன். "இது எந்தப் பழைய சாமான் கடையிலயும் கெடைக்கும்ணே"ன்னாரு. என் வாழ்க்கையில என்னை ஒருத்தர் நல்லவன்னு இவ்வளவு உறுதியாச் சொன்னதில்லைங்க. கேக்க முடியலை. எந்திரிச்சுப் போயிட்டேன்.

ஒரு வாரம் யோசிச்சேன். அப்பறம் ஒருநாள் காலையில வண்டியைக் கொண்டாந்து கடைக்கு முன்னால நிறுத்தினேன். "இன்னாசி, இன்ஜினைப் பிரிங்க. இந்த வாஷர் இதுக்குள்ள இருந்ததுதானான்னு நீங்களே பாருங்க"ன்னேன். "நான் தொடறதில்லண்ணே. நாமக்கல்ல ஒரு ஆளு இருக்காரு, நம்பர் தர்றேன்"னாரு.

"சரி. அப்ப நான் பிரிக்கறேன்"னேன்.

ஸ்பேனர் செட்டு ஒண்ணு வாங்கிட்டு வந்திருந்தேன். அதோ, அந்த எடத்துல சாக்கை விரிச்சு உக்காந்தேன். எனக்கு மாட்டோட வயித்துல எது எங்க இருக்குதுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லத் தெரியும். இன்ஜினைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. கையில கெடைச்ச நட்டை எல்லாம் கழட்டினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்து ஒரு டியூபைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தாரு. அரை மணி நேரமா ஒரே எடத்தைத் தேய்ச்சாரு.

"ஆயிலை முதல்ல வடிங்கண்ணே"ன்னாரு, திரும்பாமயே.

வடிச்சேன். சாக்குல பாதி, வேட்டியில பாதி.

"அந்த போல்ட்டு எடது பக்கம் திரும்பாதுண்ணே. உள்ள ஒடைஞ்சிரும்."

விட்டேன். எப்படியோ ரெண்டு மணி நேரத்துல இன்ஜினைக் கீழ எறக்கிட்டனுங்க. ஒரு விரல் நகம் போச்சு. ரெண்டு பாதியும் ஒட்டிக்கிட்டுப் பிரிய மாட்டேங்குது. ஸ்க்ரூ டிரைவரை நடுவுல வச்சுச் சுத்தியலை ஓங்கினேன்.

"அடிக்காதீங்க!"

ஒரே எட்டுல வந்து சுத்தியலைப் புடுங்கிட்டாரு. "ரெண்டும் ஒட்டற மொகம் போயிரும்ணே. ஒரு கோடு விழுந்தாலும் ஆயில் கசியும். கொலைகாரனா நீங்க?" என் கையில இருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அக்கட்ட வீசினாரு. அப்பறம் உக்காந்தாரு. மரச் சுத்தியலை எடுத்து, லேசா, தூங்கற புள்ளையைத் தட்டற மாதிரி சுத்தி வரத் தட்டினாரு. ரெண்டாப் பிரிஞ்சு வந்துச்சு.

அவர் போட்ட சாஃப்ட்டு உள்ள பளபளன்னு இருந்துச்சு. கிளிப்பைக் கழட்டி, ஒவ்வொண்ணா வரிசையா வச்சாரு. அவர் வாங்கிப் போட்ட வாஷரும் வந்துச்சு. நான் என் டப்பாவுல இருந்த பழைய வாஷரை நீட்டினேன்.

வாங்கினாரு. அதோட ஒட்டி ஓடற பல்சக்கரம் ஒண்ணு இருக்குது, அது மாத்தாத பழைய சக்கரம். பதினாலு வருசம் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு ஒரசிக்கிட்டுச் சுத்தியிருக்குது. அந்தச் சக்கரத்து மொகத்துல வட்டமா ஒரு கோடு, அதுல ஒரு எடத்துல சின்னதா ஒரு மேடு. வாஷரைக் கொண்டு போயி அது மேல வச்சாரு. மெதுவாச் சுத்தினாரு. ஒரு எடத்துல டக்குன்னு உக்காந்துச்சு. மேட்டுக்குச் சரியா வாஷர்ல ஒரு பள்ளம். எடுத்தாரு, மறுபடியும் வச்சாரு. புது வாஷரை வச்சுப் பாத்தாரு, அது ஆடுச்சு. பழையதை வச்சாரு, உக்காந்துச்சு. நாலஞ்சு தடவை பாத்தாரு.

எந்த டாக்டர் எழுதிக் குடுத்ததையும் நம்பாத மனுசன், அதை நம்பினாருங்க. அவர் கைக்குத் தெரியும்.

"ஆறு மாசம்ணே"ன்னாரு. எந்திரிச்சுப் போயிக் குடத்துல இருந்து தண்ணி மொண்டு குடிச்சாரு. மொகத்தைக் கழுவினாரு. ரொம்ப நேரம் கழுவினாரு. ஆரோக்கியம் வாசல்ல நின்னு என்னைப் பாத்த பார்வையை நான் சொல்ல மாட்டேன்.

திரும்பி வந்து உக்காந்து பூட்ட ஆரம்பிச்சாரு. மத்தியானம் சாப்புடலை. நானும் சாப்புடலை. ஒரு நட்டை ஒரு தடவைதான் முடுக்கினாரு, திரும்பிப் போயிப் பாக்கலை. நாலு மணி சுமாருக்கு வண்டியைக் கிளப்பிக் காதைக் குடுத்துக் கேட்டுட்டு அணைச்சாரு. நான் போறதுக்கு எந்திரிச்சேன்.

"நில்லுங்க"ன்னாரு.

நின்னேன்.

"சட்டைப் பையைக் காட்டுங்க."

அண்ணேன்னு சொல்லலை. சிரிக்கவும் இல்லை. நெசமாவே கேட்டாருங்க. என் பதினெட்டு ஊர்ல எவனும் என்கிட்ட அப்படிக் கேட்டதில்லை. நான் பையில இருந்த எல்லாத்தையும் எடுத்து அவர் கையில வச்சேன். போனு, ஊசி போட்ட சீட்டு, ஒரு பாக்குப் பொட்டலம். பையை வெளிய இழுத்து ஒதறிக் காட்டினேன். வேட்டி மடிப்பையும் காட்டினேன். ஒவ்வொண்ணாப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்தாரு.

"சரி, போங்க"ன்னாரு.

வண்டியில ஏறி உக்காந்ததுக்கு அப்பறம் எனக்குக் கண்ணுல தண்ணி கட்டிக்கிச்சுங்க. ரோடு தெரியலை. ஓரமா நிறுத்திட்டுச் சித்த நேரம் இருந்துட்டுத்தான் போனேன்.

மறுநாளு அந்தக் கருப்புப் பெயிண்டைச் சொரண்டிட்டாங்க. மறுபடியும் அண்ணேன்னு கூப்புட ரெண்டு மாசம் ஆச்சு. இப்பக் கூப்புடறாரு. டீ சொன்னா எனக்கும் சேத்துச் சொல்றாரு. உங்களை எல்லாம் ஒண்ணும் கேக்க மாட்டாரு, பயப்படாதீங்க. நான் கிளம்பறப்ப மட்டும் இன்னைக்கு வரைக்கும் பையைப் பாப்பாரு. போன வாரம் ஒரு மாடு கத்துதுன்னு அவசரமாப் போன் வந்துச்சு, அப்படியே ஓடிட்டேன். ரோட்டு முக்குல திரும்பறப்ப பின்னாடி இருந்து சத்தம்.

"அண்ணே, பை!"

வண்டியைத் திருப்பிட்டு வந்து காட்டிட்டுத்தானுங்க போனேன்.